புறமும் சாட்சியும்

நம் பாடசாலைகளில் தன்வரலாறு எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். பிள்ளையின் வரலாற்றை என்று நினைத்துவிடாதீர்கள். குடையின் வரலாறு, தேய்ந்த செருப்பின் வரலாறு, கைமாறிக் கைமாறி வந்த பத்து ரூபாய்த் தாளின் வரலாறு. 'நான் ஒரு குடை பேசுகிறேன்' என்ற கட்டுரையை ஒரு தடவையாவது எழுதாமல் தமிழ்ப் பாடத்தைத் தாண்டி வந்தவர்கள் நம்மில் குறைவு. கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்த காலம் முழுக்க நான் அந்தக் குடைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவை கடையில் பிறக்கும், மழையில் நனையும், குப்பையில் முடியும்.

எப்போதாவது ஒரு குடை வேறு மாதிரிப் பேசும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் குடை, தான் உடைந்த கதையைச் சொன்னது. காற்றில் உடையவில்லை, மழையிலும் உடையவில்லை. ஓர் இரவு வீட்டுக்குள்ளே, விரிக்காமல், ஒருவர் கையில் இருந்தபோது உடைந்தது. காலையில் வீட்டுக்காரி அதைப் பழைய சீலைத் துண்டால் சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாளாம். யாருடைய கை, யார் மேல் விழுந்தது என்று குடை சொல்லவில்லை. அந்தப் பிள்ளையோடு பிறகு தனியாகப் பேசினேன். பேசியது இங்கே எழுதுவதற்குரியதல்ல. எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தால் 'எனது தந்தை அன்பானவர், எனது தாய் பண்பானவர்' என்று நாலு வரியில் முடித்திருப்பாள். குடை ஒன்று கிடைத்ததால்தான் அவளால் உண்மை பேச முடிந்தது.

குடும்பத்துக்குள் நடந்த கெட்ட காலத்தை எழுதுகிறவருக்கு இலக்கிய உத்தி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை என்றால் நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே, உவமையும் உருவகமும் கதைகட்டலும் எதற்கு, அலங்காரம் வந்தால் பொய்யும் கூடவே வந்துவிடுமே என்பது அவர்கள் வாதம். நான் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். குடும்பத்தைப் பற்றிய தன்வரலாற்றில் உத்தியைக் கழித்துவிட்டால் இரண்டுதான் மிஞ்சும். ஒன்று, ஜனாஸா வீட்டில் சொல்லும் புகழ்ச்சி. மற்றது புறம். இரண்டிலும் அந்த மனிதரைக் காண முடியாது.

புறம் பேசுவதை எங்கள் ஊரில் லேசான விசயமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பிடிக்காததைச் சொன்னால், சொன்னது உண்மையாக இருந்தாலும் அது புறம்தான். பொய்யாக இருந்தால் அவதூறு. இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பாகக் குர்ஆன் அதைச் சொல்கிறது. மௌத்தானவர்களை ஏசக் கூடாது என்பதும் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்து வளர்ந்தது. இதோடு இந்தக் கரையின் குடும்ப அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். வீடு உம்மாவுக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வளவு சாச்சியுடையது. அதற்கு அடுத்தது மூத்தம்மாவுடையது. குடி வழியும் உம்மா பக்கமாகவே போகும். வாப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதினால் வேலிக்கு வேலி வாசிக்க ஆள் இருக்கிறது. கவிதையிலும் சிறுகதையிலும் கல்முனைக் கரை யாருக்கும் குறைந்ததில்லை. வீட்டுக் கதவைத் திறந்து எழுதிய தன்வரலாறு என்று தேடினால் என் அலுமாரியில் ஒரு தட்டுக்கூட நிறையாது.

ஆனால் மார்க்கமே இதில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. புறம் ஆகாத ஆறு இடங்கள் உண்டென்று இமாம் நவவி தம் ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார். அநியாயத்துக்கு ஆளானவர் முறையிடுவது, தீர்ப்புக் கேட்பது, மற்றவரை எச்சரிப்பது எல்லாம் அதில் வரும். நான் ஆலிம் இல்லை. பத்வா சொல்ல வரவில்லை. எழுத்துப் பக்கமாக நின்று ஒன்றைச் சொல்லலாம். புறம் பேசுகிறவர் முடிவோடு வருவார். 'அந்தாள் அப்பிடித்தான்' என்று முதலில் சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் உதாரணம் தேடுவார். சாட்சி சொல்பவர் அப்படி வர முடியாது. எந்த இரவு, யார் எங்கே நின்றார், தான் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தெரிந்தது, எது பிறர் சொல்லிக் கேட்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இலக்கிய உத்தி என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி இந்தச் சாட்சியின் ஒழுக்கம்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மைக்கல் ஒண்டாச்சி 1943இல் கொழும்பில் பிறந்தவர். 1954இல் பதினொரு வயதில் இங்கிலாந்துக்குப் போனார். பிறகு கனடாவில் குடியேறினார். 1978இலும் 1980இலும் இலங்கைக்குத் திரும்பி வந்து, மாமிமார் பெரியம்மாமார் வாயைக் கிளறி, தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி எழுதிய 'ரன்னிங் இன் த ஃபேமிலி' 1982இல் வெளிவந்தது. தகப்பன் மேர்வின் வசதியான பறங்கியர் கூட்டத்தைச் சேர்ந்தவர்; தொடங்கினால் நிறுத்தத் தெரியாத குடிகாரர். தாய் டொரிஸ் நாடகத்திலும் நடனத்திலும் மோகம் கொண்டவர். பதினான்கு வருட வாழ்க்கை மணமுறிவில் முடிந்தது. மகன் வளர்ந்து ஆளான பிறகு தகப்பனோடு ஒரு வார்த்தை பேசக் கிடைக்கவில்லை.

புத்தகத்தில் ஒரு ரயில் கதை வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலம். இராணுவ அதிகாரியாக இருந்த தகப்பன் குடித்துவிட்டுத் துப்பாக்கியைக் காட்டி ரயிலைத் தன் இஷ்டத்துக்கு ஓடவும் நிற்கவும் வைக்கிறார். கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் உடுதுணி இல்லாமல் ஓடிப்போய் நிற்கிறார். வாசிக்கும்போது சிரிப்பை அடக்க முடியாது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், ஒரு கையில் அவருடைய உடுப்பும் மறு கையில் விளக்குமாகத் தாய் தனியாகச் சுரங்கத்துக்குள் நடந்து போகிறாள். இருட்டுக்குள்ளே நெடுநேரம் பேசி அவரைக் கூட்டி வருகிறாள். என்ன பேசினார்கள்? மகனுக்குத் தெரியாது, எழுதவுமில்லை.

ரயில் கூத்து அதோடு போய்விடவில்லை. வேறோர் இடத்தில், பயணிகள் கொண்டுவந்த தயிர்ச் சட்டிகளை யப்பான்காரன் வைத்த குண்டுகள் என்று நம்பி, எல்லாவற்றையும் சேர்த்து ஆற்றில் போடுகிறார். பார்ப்பவர்களுக்கு வெறிகாரன் கூத்து. அவர் மனசுக்குள் அவர் ஒரு ரயில் நிறைய மனிதர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். இன்னோர் இடத்தில், ரயிலிலிருந்து காட்டுக்குள் ஓடிய அவரைத் தேடிப் போன நண்பர், கயிறுகளில் கறுப்பு நாய்களைத் தொங்கவிட்டுப் பிடித்தபடி நிற்கும் ஆளைக் காண்கிறார். இந்த ஒரு கதையைத் தன்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை என்று மகன் எழுதுகிறார். இவற்றையெல்லாம் ஒன்றாக்கி 'உண்மையில் நடந்தது இதுதான்' என்று அவர் ஒரு கதையாகக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஒவ்வொன்றையும் சொன்னவர் சொன்னபடியே விட்டுவைத்தார். முதலில் சிரித்த வாசகருக்குக் கடைசியில் சிரித்ததே சங்கடமாகிறது. புத்தகத்தின் அடுக்கு முறையே அதைச் செய்துவிடுகிறது. தகப்பன் நல்லவரா கெட்டவரா என்று ஒரு வரி விளக்கமும் தேவைப்படவில்லை.

என் வாப்பா குடிக்கவில்லை. காசுக்குக் காட்ஸ் விளையாடினார். அவருக்குக் கோமாரியில் ரோட்டோரமாக ஒரு சில்லறைக் கடை. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் ஊர். அவர் கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். 'என் வாப்பா சூதாடி. உம்மாவின் நகையையெல்லாம் அழித்தவர்' என்று எழுதலாம். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த வசனத்தை வாசித்தவர் மேலே எதையும் கேட்க மாட்டார். தீர்ப்பு வந்துவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது.

இப்படி எழுதிப் பார்க்கிறேன். வியாழன் பின்னேரம் கடைசி பஸ்ஸில் வாப்பா வருவார். சில கிழமை வெறுங்கை. சில கிழமை கையில் கயிறு கட்டிய எருமைத் தயிர்ச் சட்டி தொங்கும். சட்டியைக் கண்டால் எங்களுக்குப் பெருநாள். ராத்தா பாணிப் போத்தலை எடுக்க ஓடுவா. நான் பீங்கான்களைப் பரப்புவேன். உம்மா மட்டும் வாசலில் நின்றபடி ஒரு கையால் காதைத் தடவிப் பார்ப்பா. 'அடுத்த கிழம பாப்பம் புள்ள' என்பார் வாப்பா. உம்மா ஒன்றும் பேசமாட்டா, தயிரும் தொடமாட்டா. உம்மாவுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளாதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் உத்தி என்று சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளைக்குத் தெரிந்தது மட்டும் சொல்லப்படுகிறது. மிச்சம் வாசகரிடம் விடப்படுகிறது. தோற்ற கிழமைகளில்தான் தயிர் வரும், தயிர் வந்தால் தோடு அடைவுக்குப் போகும் என்ற கணக்கை வாசகர் தானே போட்டுக்கொள்வார். அப்படிப் போடும்போது இன்னொன்றும் அவர் கண்ணில் படும். காசைத் தொலைத்தவர் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கப்பட்டிருக்கிறார். மிச்சச் சில்லறையில் பிள்ளைகளுக்குச் சட்டி வாங்கியிருக்கிறார். 'சூதாடி' என்ற சொல்லுக்குள் அந்த வெட்கத்துக்கு இடமில்லை. உம்மாவின் காதைத் தடவும் கைக்கும் இடமில்லை. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சேர்த்து நியாயம் செய்ய எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

பிள்ளையின் கண்ணால் மட்டும் பார்ப்பதை இன்னும் தூரம் கொண்டுபோனவர் ஃபிராங்க் மக்கோர்ட். 1930இல் பிறந்த அவர் அயர்லாந்தின் லிமரிக் நகரத்தில் கழிந்த வறுமைக் காலத்தை 'ஆஞ்சலாஸ் ஆஷஸ்' என்ற நூலாக 1996இல் வெளியிட்டார். அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அறுபத்தாறு வயது மனிதர் சின்னப் பையனின் குரலில், நிகழ்காலத்தில், மேற்கோள் குறிகூட இல்லாமல் பேசுகிறார். தகப்பன் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டு நடுச்சாமத்தில் தேசபக்திப் பாட்டோடு வந்து, பிள்ளைகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி அயர்லாந்துக்காகச் சாவோம் என்று சத்தியம் வாங்குவார். இது ஒரு தடவை வந்தால் வேடிக்கை. மறுபடி மறுபடி வரும்போது பாட்டுச் சத்தம் கேட்டாலே நமக்கு வயிறு காய்கிறது. பிறகு தகப்பன் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போகிறார். சனிக்கிழமைகளில் தபால் பையன் காசுத் தந்தி கொண்டுவருவான் என்று ஒழுங்கைப் பெண்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த வீடுகளுக்கெல்லாம் வருகிறது, இவர்கள் கதவு தட்டப்படுவதில்லை. கட்டாருக்கும் சவூதிக்கும் ஆள் அனுப்பிய எங்கள் ஒழுங்கைகளில் இதற்குப் பொழிப்புரை யாருக்கும் தேவைப்படாது. எங்கள் ஊரை அசிங்கப்படுத்திவிட்டார் என்று லிமரிக்கில் பலர் கோபப்பட்டார்கள். வேலிக்கு வேலி வாசகர் இருப்பது கல்முனைக்கு மட்டும் வந்த சோதனை அல்ல.

வீட்டு விசயத்தை வெளியே சொல்வது எப்படி என்ற கேள்வியைத் தமிழ் மிக முன்னமே யோசித்திருக்கிறது. அகத்திணையில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவியின் துயரம் குருகிலும் நண்டிலும் நெய்தல் பூவிலும் ஏறி வெளியே வரும். அதற்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயர் வைத்தார்கள். இந்தக் கடற்கரைக்குச் சொந்தமான திணையில் இருந்துகொண்டே நாம் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் சங்கதியாக்கிவிட்டோம். தண்டியலங்காரத்தின் முப்பத்தைந்து பொருளணிகளையும் ஒப்புவிக்கும் மாணவிக்கு, தன் வீட்டில் உடைந்த குடையைச் சொல்ல அவற்றில் எது உதவும் என்று நாம் காட்டிக்கொடுப்பதில்லை. தன்வரலாற்றுக்காரருக்குப் பெயரை மறைக்கும் வசதி இல்லை. மகள் எழுதினால் வாப்பா யாரென்று ஊருக்கே தெரியும். அதனாலேயே பொருளை முன்னால் வைத்து மனசைப் பின்னால் வைக்கும் அந்தப் பழைய பயிற்சி அவருக்கு இரட்டிப்பாகத் தேவை. பெருமாள்முருகன் தன் தாயைப் பற்றி எழுதிய 'தோன்றாத் துணை'யில் (2019) தாயைப் புகழும் வரிகளைவிட அவர் கைபட்ட வேலைகள்தான் நினைவில் நிற்கின்றன.

பேச்சையும் ஓர் உத்தியாகவே எண்ண வேண்டும். 'நான் தவறு செய்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு' என்று என் வாப்பாவின் வாயில் போட்டால் அது வானொலி நாடகம். அவருக்கு வாய்த்தது 'அடுத்த கிழம பாப்பம்' மட்டும்தான். இந்தப் பகுதியின் பேச்சைத் தயங்காமல் எழுத்தில் கொண்டுவர முடியும் என்பதை விமல் குழந்தைவேல் 'வெள்ளாவி'யிலும், அக்கரைப்பற்றுச் சந்தையை வைத்து எழுதிய 'கசகறண'த்திலும் காட்டியிருக்கிறார். அவை நாவல்கள். தன்வரலாறு எழுதுபவர்களுக்கும் அந்தத் துணிவு வேண்டும். ஒருவரை அவருடைய சொந்தப் பேச்சில் பேச விடுவது அவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

உத்தியால் கெடுதலும் உண்டு. ஒண்டாச்சியின் புத்தகத்திலேயே ஒரு காட்சி. தகப்பன் போதையில் கிடக்கும்போது தாய் மூத்த பிள்ளைகள் மூவரையும் அறைக்குள் அனுப்புகிறாள். எங்கள் மேல் அன்பிருந்தால் குடிக்காதீர்கள் என்று அழுதுகொண்டே சொல்லும்படி பழக்கியும் விட்டிருக்கிறாள். தான் வெளியே நின்று கேட்கிறாள். எழுதியவர் அப்போது மிகச் சின்னவர், தூக்கத்தில் இருந்தவர். அந்த அறைக்குள் போய் நின்று அழுத மூவருக்கும் அது இவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்குமா? துன்பத்தின் ஓரத்தில் நின்றவருக்கே சிரிப்பு எளிதில் வரும். நடுவில் நின்றவரின் செலவில் அந்தச் சிரிப்பு எடுக்கப்படுகிறதா என்று எழுதுகிறவர் தன்னையே கேட்க வேண்டும். ஒண்டாச்சி தப்பித்துக்கொள்வது, தான் அங்கே விழித்திருக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதியதால்தான்.

மறைத்தவர்களின் கதி வேறு. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபிரே 2003இல் தன் போதைக் காலத்தைப் பற்றி எழுதிய 'எ மில்லியன் லிட்டில் பீசஸ்' அமோகமாக விற்றது. அதில் பல சம்பவங்கள் கட்டியவை, ஊதிப் பெருப்பித்தவை என்று 2006இல் வெளிவந்தபோது பதிப்பகம் வாசகர்களுக்குக் காசைத் திருப்பித் தரும் நிலைமை ஏற்பட்டது. கற்பனை கலந்ததில் வழக்கில்லை. கலந்ததைச் சொல்லாமல் விட்டதில்தான் வழக்கு. அ. முத்துலிங்கம் 2008இல் வந்த தன் நூலுக்கு 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' என்று பெயர் வைத்து, நாவல் என்றும் சொல்லிவிட்டார். அட்டையிலேயே ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. யாரும் ஏமாறப் போவதில்லை. 'மூத்தம்மா சொல்லக் கேட்டது', 'நான் நினைத்துக்கொள்வது' என்ற சின்னச் சின்னச் சொற்களும் அதே வேலையைச் செய்யும். தையல் வெளியே தெரியட்டும்.

எங்கள் கரைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையில் அதிகமானவர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. உயிர்களோடு போனவற்றை யாரும் பட்டியல் போடவில்லை. கலியாணப் படங்கள், கடிதங்கள், கொப்பிகள், கடைக் கணக்குகள் எல்லாம் போயின. உம்மாவின் அடைவுச் சிட்டைகள் இருந்திருந்தால் எந்த மாதம் எந்த நகை போனதென்று திகதியோடு எழுதியிருப்பேன். இப்போது இருப்பது என் ஞாபகமும் ராத்தாவின் ஞாபகமும்தான். இரண்டும் ஒத்துப் போவதில்லை. வாப்பா தயிர் கொண்டுவந்ததே இல்லை, பெரிய மாமாதான் கொண்டுவந்தார் என்று ராத்தா இன்றைக்கும் சாதிப்பா. புத்தகமாக எழுதினால் அதையும் எழுத வேண்டும். ஆவணம் அழிந்துபோன ஊரில் ஒருவர் சொன்னதன் பக்கத்தில் மற்றவர் மறுத்ததையும் வைப்பதுதான் நாணயமான வரலாறு.

ஆகவே இரண்டு தரப்பினரிடம் கேட்கிறேன். பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுக்கும் ஆசிரியர்களே, குடை பேசட்டும், செருப்பும் பேசட்டும். ஆனால் அந்தக் குடை எந்த வீட்டில் இருக்கிறது என்று பிள்ளை சொல்ல வந்தால் தடுக்காதீர்கள். அது வகுப்பில் சத்தமாக வாசிப்பதற்குரியதா இல்லையா என்ற நிதானம் மட்டும் உங்களுக்கு இருக்கட்டும். அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களே, எழுதுங்கள். மௌத்தானவர்கள் மேல் மரியாதை என்று சொல்லி அவர்களை வெறும் புகழுரையாக்கிவிட்டால் அவர்கள் இரண்டாம் தடவையும் மௌத்தாகிறார்கள். மனக்குறையை இறக்கிவைப்பதற்காக எழுதினால் அவர்களுக்குப் பதில் சொல்ல வாயில்லை.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். எழுதப்பட்டவர் உயிரோடு வந்து வாசிக்கிறார் என்று வையுங்கள். 'இது பொய்' என்று அவர் சொல்ல முடியாதிருக்க வேண்டும். 'இவ்வளவுதானா நான்' என்று கேட்கவும் அவருக்கு இடமிருக்கக் கூடாது. முதலாவதற்கு நேர்மை போதும். இரண்டாவதற்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.